ஆறு மணி நேரமும் ஓர் அரிய வாயுவும்

பிறந்த குழந்தை அழவில்லை. மருத்துவர் பையும் முகமூடியும் வைத்து மூச்சைச் செலுத்துகிறார். சில நிமிடங்களில் இதயத் துடிப்பு ஏறுகிறது, நீலம் பாரித்த உடல் சிவக்கிறது, குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்குகிறது. பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் கண்டம் கழிந்தது என்று பெருமூச்சு விடுகிறார்கள். மூளைக்கு இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது, இரத்தத்தில் ஏறியிருந்த அமிலத்தன்மையும் இறங்கிவருகிறது. ஆனால் கடுமையான பாதிப்புக்கு உள்ளான குழந்தையின் மூளையில் நரம்பணுக்கள் கூட்டங்கூட்டமாக மடியப்போவது இனிமேல்தான்.

இதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ். மூளைத் திசுவில் ஆற்றல் எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதைக் கத்தியோ ஊசியோ படாமல் அளக்கும் காந்த ஒத்ததிர்வு முறையை 1980களின் முற்பகுதியில் அவருடைய குழு பச்சிளங்குழந்தைகளிடம் பயன்படுத்தியது. பிறப்பின்போது மூச்சுத்திணறிய குழந்தைகளிடம் முதல் நாள் அளவுகள் ஏறக்குறைய இயல்பாக இருந்தன. அடுத்தடுத்த நாள்களில் அதே குழந்தைகளின் மூளையில் ஆற்றல் இருப்பு சரிந்தது. பிராணவாயுவும் சர்க்கரையும் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்த நிலையிலேயே இந்தச் சரிவு நடந்தது. முதல் அடி பிரசவத்தின்போது விழுகிறது, இரண்டாம் அடி பல மணி நேரம் கழித்து விழுகிறது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. சிகிச்சை என்று ஏதேனும் இருக்குமானால் அது அந்த இடைவெளிக்குள் நுழைந்தாக வேண்டும்.

இடைவெளிக்குள் என்ன நடக்கிறது? பிராணவாயு நின்றதும் நரம்பணு தன் சவ்வின் மின்னழுத்தத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் போகிறது. பக்கத்து அணுக்களுக்குச் செய்தி சொல்லவென்று சிறிது சிறிதாக வெளிவிடப்பட வேண்டிய குளூட்டமேட் என்ற பொருள் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. அது என்எம்டிஏ என்ற ஏற்பிகளைப் பிடித்துத் திறக்க, அவற்றின் வழியே கால்சியம் அணுவுக்குள் வெள்ளமாகப் புகுகிறது. அந்தக் கால்சியம் புரதங்களை அரிக்கும் நொதிகளை எழுப்புகிறது, மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைக்கிறது, அணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிரலை முடுக்குகிறது. வளரும் மூளையில் கற்றலுக்கும் இணைப்புகள் உருவாவதற்கும் இந்த என்எம்டிஏ ஏற்பிகளே அடித்தளம் என்பதால் பிறந்த குழந்தையிடம் அவை மிகுதியாகவும் மிகுந்த சுறுசுறுப்புடனும் இருக்கின்றன. கற்பதற்கென்று அமைந்த அந்த வாசலே மூச்சுத்திணறிய மூளைக்குக் கேடாக முடிகிறது.

பணக்கார நாடுகளில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்தப் பாதிப்பு நேர்கிறது. ஏழை நாடுகளில் விகிதம் பல மடங்கு அதிகம். 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 11.5 லட்சம் குழந்தைகளுக்குப் பிறப்பையொட்டிய மூளைப் பாதிப்பு ஏற்பட்டதாகவும், அவர்களில் 96 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் பிறந்தவர்கள் என்றும் ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. பிழைப்பவர்களில் பலர் மூளை முடக்குவாதத்தோடும், பார்வை, செவித்திறன், அறிவு வளர்ச்சிக் குறைபாடுகளோடும், அடங்காத வலிப்போடும் வளர்கிறார்கள்.

இடைவெளிக்குள் நுழைந்த முதல் சிகிச்சை குளிர். இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1950களில் ஸ்வீடனைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் பியோர்ன் வெஸ்டின், எதைச் செய்தும் மூச்சுவிடாத குழந்தைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உயிர்ப்பிக்க முயன்றார். நம்பிக்கை தரும் முடிவுகளும் வந்தன. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத முயற்சி அது. அதே காலத்தில், 1958இல், அமெரிக்காவில் வில்லியம் சில்வர்மன் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய சோதனை, இன்குபேட்டரைச் சற்றே குளிர்ச்சியாக வைத்தாலே இறப்பு கூடுகிறது என்று காட்டியது. குழந்தையைக் கதகதப்பாக வைத்திரு என்பது அன்று முதல் மருத்துவத்தின் அசையாத விதியாயிற்று. அந்த விதி இன்றும் சரியானதே. அதற்கு ஒரு விலக்கு உண்டு என்று நிறுவத்தான் நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நிறுவியதில் பெரும்பங்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த அலிஸ்டர் கன்னுக்கும் பீட்டர் குளுக்மனுக்கும் உண்டு. கருவில் இருக்கும் ஆட்டுக்குட்டிகளின் மூளைக்கு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, பிறகு தலையை மட்டும் குளிர்வித்துப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கினால் நரம்பணு இழப்பு பெருமளவு குறைந்தது. ஐந்தரை மணி நேரத்தில் தொடங்கினால் ஓரளவு பலன் இருந்தது. எட்டரை மணி நேரம் கழித்து, வலிப்பு ஆரம்பித்த பின் தொடங்கியபோது பலன் இல்லை. உலகின் மருத்துவமனைகள் எல்லாம் இன்று பின்பற்றும் ஆறு மணி நேரக் கெடு இந்த ஆட்டுக்குட்டிகளிடமிருந்து வந்தது.

2005இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளியாயின. தலையைக் குளிர்வித்த கூல்கேப் சோதனை ஒன்று. சீதா சங்கரன் தலைமையில் அமெரிக்க மருத்துவமனைகள் 208 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் முழு உடலையும் குளிர்வித்தது மற்றொன்று. பின்னதில், இறந்தவர்களும் குறிப்பிடத்தக்க ஊனத்தோடு பிழைத்தவர்களும் சேர்ந்து 62 விழுக்காடாக இருந்தது 44 ஆகக் குறைந்தது. 2009இல் பிரிட்டனின் டோபி சோதனை 325 குழந்தைகளின் முடிவுகளை வெளியிட்டது. உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஏற்றுவது முறையாக நிலைபெற்றது. 2013 வரையான 11 சோதனைகளையும் 1,505 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தபோது, ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை இறப்பிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது என்று தெரிந்தது. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் இது பெரிய வெற்றி. ஆனாலும் மிதமானதும் கடுமையானதுமான பாதிப்பு கொண்டவர்களில், குளிர்வித்த பிறகும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தப்பவில்லை. குளிரோடு சேர்த்துக் கொடுக்க இன்னொன்று வேண்டும் என்ற தேடல் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியது.

அந்த இன்னொன்றாக முன்வந்தது செனான். 1898இல் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் லண்டனில், திரவமாக்கிய காற்றின் எச்சத்திலிருந்து பிரித்தெடுத்த மந்த வாயு. காற்றில் அதன் அளவு நூறு கோடியில் 87 பங்கு. ஒரு லிட்டர் செனான் வேண்டுமானால் ஒரு கோடியே பதினைந்து லட்சம் லிட்டர் காற்றைப் பிழிய வேண்டும். இரும்பாலைகளுக்குப் பிராணவாயு தயாரிக்கும் பெரிய ஆலைகளில் கிளைப்பொருளாகத்தான் அது கிடைக்கிறது. விளக்குகளுக்கும் செயற்கைக்கோள்களின் உந்துகருவிகளுக்கும் அதுவே வேண்டும் என்பதால் விலையும் ஏறி நிற்கிறது.

எதனோடும் எளிதில் வினைபுரியாத இந்த வாயு மயக்கம் தரும் என்பது வேதியியலுக்கு ஒரு புதிராகவே இருந்தது. 1946இல் ஜான் லாரன்ஸ் சுண்டெலிகளிடம் அதன் விளைவைக் கண்டார். 1951இல் அமெரிக்காவின் அயோவாவில் ஸ்டூவர்ட் கல்லனும் எர்வின் கிராஸும் செனானைக் கொண்டே மனிதர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான மயக்கம் கொடுத்தார்கள். மயக்க மருந்தியலாளர்கள் விரும்பும் குணங்கள் பலவும் அதனிடம் இருந்தன. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கரைவதால் சட்டென்று மயக்குகிறது, நிறுத்தினால் சட்டென்று வெளியேறுகிறது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேலை வைப்பதில்லை. இரத்த அழுத்தத்தை இறக்குவதில்லை. மூச்சுத்திணறிய குழந்தையின் இதயமும் அடிபட்டுத்தான் இருக்கும் என்பதால் இந்தக் கடைசிக் குணம் மிக முக்கியமானது.

எப்படி மயக்குகிறது என்ற புதிரை 1998இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக் ஃபிராங்க்ஸ் குழு அவிழ்த்தது. செனான் என்எம்டிஏ ஏற்பிகளைத் தடுக்கிறது. மூச்சுத்திணறலுக்குப் பின் கால்சியம் வெள்ளமாகப் புகும் அதே வாசலை இந்த வாயு அடைக்கிறது என்றதும், மயக்க மருந்தாக நிலைக்க முடியாமல் விலையால் ஒதுங்கியிருந்த செனானுக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. என்எம்டிஏவைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே பல இருந்தன. அவற்றை வளரும் மூளைக்குக் கொடுப்பதே ஆபத்து என்பதும் தெரிந்திருந்தது. 1999இல் கிறிசாந்தி இகோனோமிடூவின் குழு, பிறந்து சில நாள்களே ஆன எலிக்குட்டிகளிடம் அந்த ஏற்பிகளைச் சில மணி நேரம் அடைத்தாலே ஆரோக்கியமான நரம்பணுக்கள் பரவலாகத் தற்கொலை செய்துகொள்வதைக் காட்டியது. 2003இல், அறுவை அறைகளில் அன்றாடம் பயன்படும் மயக்க மருந்துக் கலவை ஒன்றும் ஏழு நாள் எலிக்குட்டிகளிடம் அதையே செய்தது. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்டநேர மயக்கம் கொடுப்பது குறித்து எச்சரிக்கை விடுத்ததன் பின்னணி இத்தகைய விலங்கு ஆய்வுகளே. அப்படியிருக்க, காயம்பட்ட மூளைக்கு மயக்க வாயுவைக் கொடுப்பதா? எலிக்குட்டிகளிடம் செனான் தன் இனத்து மருந்துகளைப் போல நடந்துகொள்ளவில்லை. ஐசோஃபுளூரேன் என்ற மயக்க மருந்து உண்டாக்கிய அணுச்சாவைச் செனான் குறைக்கவே செய்தது. சுண்டெலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் அதற்கு மாறான முடிவும் வந்தது. ஆகவே இந்தக் கேள்வி முற்றாக மூடப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெரும்பாலான சான்று செனானின் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த அளவு நம்பிக்கையோடு முன்னே சென்றது நியாயம்தான் என்பது என் கருத்து.

2005இல் மெர்வின் மேஸ், டாச்சிங் மா, ஃபிராங்க்ஸ் ஆகியோரின் இம்பீரியல் குழு ஏழு நாள் எலிக்குட்டிகளிடம் குளிரையும் செனானையும் சேர்த்துக் கொடுத்தது. தனித்தனியே கொடுத்தால் போதிய பலன் தராத அளவுகள் சேர்ந்தபோது வலுவான காப்பைத் தந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மரியான் தோரசன் அதே கேள்வியை வேறு வழியில் அணுகிக்கொண்டிருந்தார். நார்வேயில் பிறந்த இவர், 1990களிலேயே பன்றிக்குட்டிகளிடம் குளிர்வித்தலின் பலனைக் காட்டியவர். காயத்துக்குப் பிறகு செனான் கொடுத்தாலும் பலன் உண்டு என்பதையும், குளிரின் பலனும் செனானின் பலனும் ஒன்றோடொன்று கூடுகின்றன என்பதையும், அந்தப் பலன் விலங்கு வளர்ந்த பிறகும் நடையிலும் கைத்திறனிலும் நிலைத்திருக்கிறது என்பதையும் அவருடைய குழு அடுத்தடுத்து வெளியிட்டது. 2010இல் அதே குழுவின் பன்றிக்குட்டி ஆய்வும், அதை அடுத்து லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பன்றிக்குட்டி ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. வேறுவேறு ஊர்களில், வேறுவேறு குழுக்கள், இரண்டு விலங்கினங்களில் ஒத்த முடிவுக்கு வந்திருந்தன. பச்சிளங்குழந்தை மூளைக்காப்பில் இவ்வளவு உறுதியான முன்னேற்பாட்டோடு மனிதச் சோதனைக்கு வந்த பொருள்கள் மிகக் குறைவு.

நடைமுறைத் தடை வேறு மாதிரியானது. வழக்கமான வென்டிலேட்டர் குழந்தை வெளிவிடும் மூச்சை அறைக் காற்றில் கலக்கவிடும். அப்படிச் செனானைக் கொடுத்தால் ஒரே நாளில் ஒரு குழந்தைக்கே பெருஞ்செலவாகும். ஸ்வான்சீயைச் சேர்ந்த மயக்க மருந்தியல் வல்லுநர் ஜான் டிங்லி, வெளிவரும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிக்கொண்டு செனானைத் திரும்பவும் குழந்தைக்கே அனுப்பும் மூடிய சுற்றுக் கருவியை உருவாக்கினார். பிறந்த குழந்தையின் ஒரு மூச்சின் அளவு இருபது மில்லிலிட்டர் அளவில்தான் இருக்கும். சிறு கசிவும் கணக்கைக் கெடுத்துவிடும். செனான் காற்றைவிட நான்கரை மடங்கு அடர்த்தியானது என்பதால் மெல்லிய குழாய்களில் அதை ஓட்டுவதும் எளிதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஓரிரு வரியில் கடந்துபோகும் இந்தக் கருவி வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அது இல்லாமல் செனான் எலிக் கூண்டைத் தாண்டியிருக்காது.

2010 ஏப்ரலில் பிரிஸ்டலின் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் உலகிலேயே முதன்முறையாக ஒரு குழந்தைக்கு மூளைக்காப்புக்கெனச் செனான் கொடுக்கப்பட்டது. குளிர்வித்தலோடு மூன்று மணி நேரம். 14 குழந்தைகளின் அனுபவம் 2014இல் வெளியானது. காற்றில் பாதி செனான், மூன்று மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக 18 மணி நேரம் வரை. இரத்த அழுத்தம் சரியவில்லை, மூச்சில் சிக்கல் வரவில்லை. செனான் ஓடும்போது வலிப்பு அடங்குவதும் நிறுத்தும்போது திரும்புவதும் மின்மூளை வரைவில் தெரிந்ததாக இன்னொரு அறிக்கை சொன்னது. பாதுகாப்புக்கான சான்று இவ்வளவு கிடைத்தது. பலனைப் பற்றிச் சொல்ல ஒப்பீட்டுச் சோதனை வேண்டும்.

அதுதான் டோபி-எக்ஸ்இ. டெனிஸ் அசோபார்டி தலைமையில் 2012 முதல் 2014 வரை பிரிட்டனின் நான்கு மையங்களில் 92 குழந்தைகள். 46 பேருக்குக் குளிர்வித்தல் மட்டும், 46 பேருக்குக் குளிரோடு 30 விழுக்காடு செனான் 24 மணி நேரம். ஊனத்தை அளக்க ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதால், எம்.ஆர்.ஐ.யில் தெரியும் இரண்டு அளவுகளை முதன்மை முடிவாகக் கொண்டார்கள். தலாமஸில் லாக்டேட்டுக்கும் என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட்டுக்கும் உள்ள விகிதம் ஒன்று. வெண்பொருளின் நரம்பிழைகள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்ற அளவு மற்றொன்று. குழந்தையின் எதிர்காலத்தை இந்த இரண்டும் நன்றாக முன்னுரைக்கும் என்பது முன்பே தெரிந்தது.

2016இல் முடிவு வெளியானது. இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இறப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

பத்தாண்டு உழைப்பின் முடிவு இரண்டு எண்களில் அடங்கிவிட்டதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் இருக்கிறது. செனான் தொடங்கியபோது குழந்தைகளின் இடைநிலை வயது ஏறத்தாழ பத்து மணி நேரம். விதிமுறையே 12 மணி நேரம் வரை அனுமதித்திருந்தது. காரணம் எளிது. குழந்தை ஓர் ஊரில் பிறக்கிறது. அங்கே உயிர்ப்பிக்கிறார்கள், பாதிப்பின் அளவை மதிப்பிடுகிறார்கள், குளிர்விக்கத் தொடங்குகிறார்கள், ஆம்புலன்ஸ் வருகிறது, செனான் கருவி உள்ள மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், பெற்றோரிடம் விளக்கிச் சம்மதம் பெறுகிறார்கள். பிள்ளை பெற்ற களைப்பிலும் அச்சத்திலும் வேறொரு ஊரில் படுத்திருக்கும் தாயிடம் சம்மதம் கேட்பது அவசரப்படுத்தக்கூடிய காரியம் இல்லை. எலிக்குட்டியிடம் காயத்துக்கும் வாயுவுக்கும் நடுவே அதிகம் போனால் சில மணி நேரம். பன்றிக்குட்டியிடம் இரண்டு மணி நேரம். மனிதக் குழந்தையிடம் பத்து. குளூட்டமேட் வெள்ளம் அதற்குள் வந்து போயிருக்கும். ஆட்டுக்குட்டிகளிடம் எட்டரை மணி நேரத்தில் குளிரே தோற்றது என்பதை நினைவில் கொண்டால், பத்தாம் மணி நேரத்தில் செனான் வெல்லும் என்று எதிர்பார்த்ததுதான் வியப்பு. அளவும் கேள்விக்குரியது. விலங்குகளிடம் பெரும்பாலும் 50 விழுக்காடு கொடுத்தார்கள். இங்கே 30. ஆக்சிஜன் தேவை அதிகமுள்ள குழந்தைகளையும் ஏற்க வேண்டுமானால் செனானுக்கு இடம் குறையும் என்ற நடைமுறைக் கட்டாயம் அதற்குப் பின்னால் இருந்தது.

இந்த வாதத்தை எதுவரை கொண்டுபோகலாம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு தாமதம், அளவு, தேர்வு என்று காரணம் காட்டிச் சிகிச்சையைக் காப்பாற்றிவிட முடியும். மூளைக்காப்பு மருந்துகளின் வரலாறு இத்தகைய காரணங்களால் நிரம்பியது. எரித்ரோபொய்டின் மருந்தும் விலங்குகளிடம் அருமையாக வேலை செய்தது. 2022இல் வெளியான அமெரிக்காவின் ஹீல் சோதனையில் 500 குழந்தைகளிடம் குளிரோடு சேர்த்துக் கொடுத்தும் பலன் கிடைக்கவில்லை, தீவிரப் பக்கவிளைவுகள் கூடுதலாகவே இருந்தன. செனானின் விஷயத்தில் மட்டும் தாமத வாதத்தை நான் ஏற்கக் காரணம், அந்த வாதம் சோதனைக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது இல்லை என்பதே. ஆறு மணி நேரக் கெடு 1990களிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். சோதனையாளர்களே தங்கள் முடிவை, தாமதமாகத் தொடங்கப்பட்ட செனானுக்கு மட்டும் பொருந்துவதாகக் கவனமாக எழுதினார்கள்.

அதே 2016இல் பின்லாந்திலிருந்து வந்த ஒரு முடிவும் இந்தப் பக்கம் சாய்கிறது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, மீட்கப்பட்டு, நினைவு திரும்பாமல் கிடந்த 110 பெரியவர்களில் பாதிப் பேருக்குக் குளிர்வித்தலோடு 24 மணி நேரம் செனான் கொடுத்துப் பார்த்தார் திமோ லைட்டியோ. செனான் பெற்றவர்களின் வெண்பொருள் சிதைவு குறைவாக இருந்தது. ஆறு மாத இறப்பு விகிதம் 34.5 விழுக்காட்டுக்கு எதிராக 27.3. ஆனால் அந்த எண்ணிக்கையில் இது புள்ளியியல் உறுதி பெறவில்லை. இங்கே அடி எப்போது விழுந்தது என்பது நிமிடக் கணக்கில் தெரியும். குழந்தையின் கதையில் தெரியாதது அதுதான்.

தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பக்கத்துச் சோதனை ஒன்று கடுமையாகக் காட்டியது. குளிர்வித்தல் மேலை நாடுகளில் நிலைபெற்றபோது, பாதிப்பில் பெரும்பகுதியைச் சுமக்கும் நம் நாடுகளிலும் அது பலன் தரும் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். இம்பீரியல் கல்லூரியின் சுதீன் தய்யில் அதைச் சோதித்தே தீர வேண்டும் என்றார். ஹீலிக்ஸ் என்ற அந்தச் சோதனை 2015 ஆகஸ்ட் முதல் 2019 பிப்ரவரி வரை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்தது. சென்னையும் அந்த மையங்களில் ஒன்று. வெப்பத்தைத் தானே சீர்செய்யும் தரமான கருவிகள், பயிற்சி பெற்ற செவிலியர்கள், 33.5 டிகிரி, 72 மணி நேரம் என எல்லாமே மேலை நாட்டு முறைப்படி. 2021இல் வெளியான முடிவு: 18 முதல் 22 மாத வயதில் இறப்போ ஊனமோ கொண்டவர்கள் குளிர்வித்த குழுவில் 50 விழுக்காடு, குளிர்விக்காத குழுவில் 47. இறப்பை மட்டும் எடுத்தால் 42க்கு எதிராக 31. குளிர்வித்தது உயிர்களைப் பறித்திருக்கிறது.

ஏன் என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. குழந்தைகளில் பலருக்கு வென்டிலேட்டர் ஆதரவு கொடுக்கப்படவில்லை என்று சிலர் சுட்டுகிறார்கள். ஆய்வுக் குழு வேறொன்றைச் சொல்கிறது. மேலை நாட்டுக் குழந்தைகளில் பலருக்குப் பாதிப்பு திடீரென நேர்கிறது. நஞ்சுக்கொடி பிரிதல், தொப்புள்கொடி நழுவிவிழுதல், கருப்பை கிழிதல் போன்றவற்றால் ஆழ்மூளைப் பகுதிகள் அடிபடுகின்றன. ஹீலிக்ஸ் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருள் பாதிப்பு தூக்கலாக இருந்தது. நீண்ட பிரசவ வலியின் ஊடே, ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் சிறிது சிறிதாகப் பிராணவாயு குறைந்து, பல மணி நேரமாக, ஒருவேளை அதற்கும் முன்பிருந்தே நடந்துவந்த பாதிப்பின் தடம் அது. இரத்தத்தில் எந்த மரபணுக்கள் தூண்டப்பட்டிருக்கின்றன என்று ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வும், இத்தாலியக் குழந்தைகளுக்கும் தெற்காசியக் குழந்தைகளுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு கண்டது. பிறந்த நொடியில் கடிகாரத்தைத் தொடங்குவது வசதிக்காகத்தான். இந்தக் குழந்தைகளின் மூளையில் கடிகாரம் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியதாகக் காகிதத்தில் இருந்தாலும், இடைவெளி ஏற்கெனவே மூடியிருக்கலாம்.

ஹீலிக்ஸைப் பார்த்து நம் ஊரில் குளிர்விப்பதே தவறு என்று முடிவுகட்டவும் முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மின்கருவி இல்லாமல் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருளாலான மெத்தையைக் கொண்டு 50 குழந்தைகளிடம் நடந்த சிறு சோதனை, குளிர்வித்தவர்களின் எம்.ஆர்.ஐ. அளவுகள் மேலானவை என்று காட்டியது. அந்தக் குழந்தைகள் எப்படிப்பட்டவர்கள், எங்கே பிறந்தவர்கள், எப்போது அடிபட்டவர்கள் என்பதே முடிவை மாற்றியிருக்கக்கூடும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது செனானைப் பற்றிய என் எண்ணம் இதுதான். வாயு தோற்றது என்று சொல்லச் சான்று இல்லை, பத்தாம் மணி நேரம் தோற்றது என்று சொல்லச் சான்று இருக்கிறது. இந்த வேறுபாடு ஆய்வாளர்களுக்கு ஆறுதல் தரலாம், பெற்றோருக்குத் தராது. பிறந்த மருத்துவமனையிலேயே முதல் சில மணி நேரத்துக்குள் செனான் தொடங்க வேண்டுமென்றால் பெரிய நகரத்து மையத்தில் மட்டும் கருவியை வைத்திருந்தால் போதாது. ஆம்புலன்ஸிலேயே அது வர வேண்டும். பிரிட்டனுக்கே அது கடினம். சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைக்க நேரும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இதைப் பற்றிப் பேசுவதே பொருந்தாது. அங்கே இதே பணம், பிரசவ வலியின்போது கருவின் இதயத் துடிப்பை அரைமணிக்கு ஒருமுறையாவது தவறாமல் கேட்கும் செவிலியர்களுக்கும், முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் எடுக்கத் தெரிந்த கைகளுக்கும் போக வேண்டும். இரண்டாம் அடியைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கு நான் எதிரியில்லை. முதல் அடியின் நேரமும் தன்மையும் தெரியாத இடத்தில் அந்த ஆராய்ச்சிக்குக் கால் ஊன்ற இடமில்லை என்பதைத்தான் ஹீலிக்ஸின் 42 விழுக்காடு சொல்கிறது.

விலை குறைந்த மாற்றாக ஆர்கானும் முன்வந்திருக்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் அது, செனானோடு ஒப்பிட்டால் கொட்டிக்கிடக்கிறது. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் நிக்கி ராபர்ட்சன் குழு, பன்றிக்குட்டிகளிடம் அது குளிரின் பலனைக் கூட்டுவதைக் காட்டியது. ஆனால் விலை மட்டுமே தடையாக இருந்ததில்லை. செனானோ ஆர்கானோ, அடுத்த சோதனை நியாயமாக நடக்க மூன்று ஏற்பாடுகள் முன்கூட்டியே வேண்டும். குழந்தை எப்போது, எவ்வகையில் அடிபட்டது என்பதை முதல் மணி நேரத்தில் காட்டும் இரத்தச் சோதனை, பிறந்த இடத்துக்கே வரும் கருவி, மூன்றாம் மணி நேரத்துக்குள் வாயு தொடங்கும் என்ற உறுதி. இவை இல்லாமல், பத்தாம் மணி நேரத்தில் மீண்டும் ஒரு தொண்ணூறு குழந்தைகளைச் சேர்த்து, மீண்டும் வேறுபாடு இல்லை என்று எழுதுவதற்காக எந்தத் தாயிடமும் கையெழுத்துக் கேட்கக் கூடாது.